ஐயமுள்ள ஆசிரியர்: தேசிகாச்சாரை வாசித்தல்

1

அடையாறில் ஓர் அடுக்ககத்தின் மொட்டைமாடி. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. எட்டுப் பேர் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஆறு பேர் என் அம்மா வயதுக்காரர்கள். எனக்கு யோகாசிரியர் பயிற்சி முடிந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. வாரத்தில் ஐந்து நாள் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். முந்தைய இரவு சரியாகத் தூங்கவில்லை. ஆசனங்களின் வரிசையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டி-ஷர்ட் பையில் வைத்திருந்தேன். "வலது காலைத் தூக்குங்க" என்று சொல்லிவிட்டு நானும் வலது காலையே தூக்க, எதிரே இருந்தவர்கள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் எல்லோரும் இடது காலைத் தூக்கினார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. எனக்குத்தான் காது சூடானது.

இது முதல் வகுப்பு. இதையாவது சிரித்துக் கடந்துவிடலாம். மூன்றாவது வகுப்பில் நடந்தது அப்படியல்ல. ஒரு மாமி கேட்டார், "தம்பி, எனக்கு பி.பி. இருக்கு. மாத்திரை சாப்பிடறேன். இந்தக் காலைத் தூக்கி நிறுத்தறது நான் பண்ணலாமா?"

உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தலைகீழ் நிலைகளைத் தவிர்க்க வேண்டும், அல்லது டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும் என்று பயிற்சியில் படித்திருந்தேன். ஆனால் அவருக்கு மாத்திரையால் அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறதா, இடுப்பை உயர்த்தாமல் காலை மட்டும் தூக்கலாமா, எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. மற்ற ஏழு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "தாராளமா பண்ணலாம் மாமி" என்றேன்.

விபரீதகரணி. இரண்டு நிமிடத்தில் அவர் முகம் சிவந்தது. காலை இறக்கி எழுந்து உட்கார்ந்தவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு என் கையைப் பிடித்தார். தலை சுற்றியது. கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டது. "ஒண்ணுமில்லப்பா, காபி சாப்பிடாம வந்துட்டேன்" என்று எனக்காக அவரே ஒரு காரணமும் கண்டுபிடித்துச் சொன்னார். நான் வண்டியை எடுத்துக்கொண்டு மந்தைவெளியில் இருக்கும் அறைக்கு வந்தேன். அடுத்த வாரத்திலிருந்து வகுப்பு எடுப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

அந்த முடிவு நிற்கவில்லை. அது ஏன் நிற்கவில்லை என்பதற்கும் சில புத்தகங்களுக்கும் தொடர்பு உண்டு. இந்தக் கட்டுரை அந்தப் புத்தகங்களைப் பற்றியது.

2

அந்த வாரம் முழுக்க, சுயசந்தேகத்தை வெல்வது எப்படி என்று தேடித் தேடிப் படித்தேன். யோகாசிரியர்களுக்கென்றே இதில் ஒரு தனி வகை எழுத்து இருக்கிறது. உன்னை நம்பு, உன் குரல் உலகத்துக்குத் தேவை, பயம் என்பது வெறும் எண்ணம், தவறு செய்ய அஞ்சாதே. எல்லாவற்றிலும் ஒரே மருந்துதான். பக்கத்திலேயே 'இம்போஸ்டர் சிண்ட்ரோம்' என்ற சொல்லும் வரும். 1978இல் பாலின் கிளான்ஸ், சுசேன் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு கட்டுரையில் இந்த நிலையை விவரித்தார்கள். சாதித்த பெண்கள் பலர், தங்களுக்குத் தகுதி இல்லை என்றும் ஒருநாள் மாட்டிக்கொள்வோம் என்றும் உள்ளூர நம்புவதைப் பற்றிய கட்டுரை அது.

என் பிரச்சினை இதில் அடங்கவில்லை. தகுதி இருந்தும் இல்லை என்று நினைப்பதுதான் அவர்கள் சொல்வது. அங்கே சந்தேகம் பொய், திறமை உண்மை. மொட்டைமாடியில் என் சந்தேகம் உண்மையாக இருந்தது. எனக்கு நிஜமாகவே தெரியாது. அந்தச் சந்தேகம் மாமிக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அதை நான் மறைத்ததுதான் அவரைத் தலைசுற்ற வைத்தது. "உன்னை நம்பு" என்ற அறிவுரையை இன்னும் நன்றாகப் பின்பற்றியிருந்தால் இன்னும் இரண்டு நிமிடம் காலைத் தூக்கியே வைத்திருக்கச் சொல்லியிருப்பேன்.

இந்த இடத்தில்தான் டி.கே.வி. தேசிகாச்சாரின் 'தி ஹார்ட் ஆஃப் யோகா'வை மறுபடி எடுத்தேன். பயிற்சிக் காலத்தில் பரீட்சைக்காகப் படித்த புத்தகம். 1995இல் வெளியானது. ஆசனம், பிராணாயாமம், பதஞ்சலியின் யோக சூத்திரத்துக்கு உரை, கடைசியில் அவருடைய அப்பா டி. கிருஷ்ணமாச்சார்யா இயற்றிய யோகாஞ்சலிசாரம் எனப் பலவும் கொண்டது. இந்த முறை படித்தபோது, யோகத்தைப் பற்றிய புத்தகமாக அல்ல, தெரியாத நிலையில் ஓர் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றிய புத்தகமாக அதை வாசித்தேன். அப்படி வாசிக்க அது இடம் கொடுக்கிறது.

3

தேசிகாச்சாரும் எஞ்சினியர்தான். 1938 ஜூன் 21ஆம் தேதி பிறந்தவர். ஐக்கிய நாடுகள் சபை பின்னாளில் யோகா தினமாக அறிவித்த அதே ஜூன் 21. ஆனால் சிறுவயதில் அவருக்கு யோகத்தில் ஈடுபாடு கிடையாது. பொறியியல் படித்து முடித்து, வேலைக்குப் போகும் முன் 1960களின் தொடக்கத்தில் சென்னையில் வீட்டுக்கு வந்திருந்தபோது நடந்த ஒரு சம்பவத்தை 'ஹெல்த், ஹீலிங் அண்ட் பியாண்ட்' என்ற புத்தகத்தில் விவரிக்கிறார். வாசலில் ஒரு பெரிய கார் வந்து நிற்கிறது. ஒரு வெளிநாட்டுப் பெண்மணி இறங்கி ஓடிவந்து, வேட்டி மட்டும் கட்டிக்கொண்டு நின்ற அப்பாவைக் கட்டிப்பிடிக்கிறார். அந்தக் காலத்து வைதிக ஐயங்கார் வீட்டு வாசலில் இது என்ன கூத்து என்று மகன் திகைக்கிறார். அப்புறம்தான் விஷயம் தெரிகிறது. பல வருடங்களாக மாத்திரை இல்லாமல் தூங்க முடியாமல் இருந்தவர், முந்தைய இரவு மாத்திரை போடாமல் தூங்கியிருக்கிறார். அப்பா என்ன செய்கிறார் என்பதை மகன் முதல்முறையாகப் பார்க்கிறார். வேலையை விட்டுவிட்டு அப்பாவிடமே மாணவனாகிறார். அதிகாலை மூன்றரைக்குப் பாடம். கடவுள் பற்றிய பேச்சு வேண்டாம் என்று மகன் நிபந்தனை போட்டதாகவும் அப்பா ஒத்துக்கொண்டதாகவும் சொல்லப்படுகிறது.

அழகான கதை. ஆனால் விமர்சகனாக எனக்கு அதில் ஒரு குறை தெரிகிறது. அது முடிவெடுத்த கதை மட்டும்தான். அடுத்த சில வருடங்களின் பயம் அதில் கிட்டத்தட்ட இல்லை. யோசித்துப் பாருங்கள். அப்பாவிடம் படித்தவர்களில் பி.கே.எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ், இந்திரா தேவி எல்லாம் ஏற்கெனவே பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக்குள்ளேயே எழுபது வயதைத் தாண்டிய மகாவித்துவான் ஒருவர் இருக்கிறார். சமஸ்கிருதம், தர்க்கம், ஆயுர்வேதம் எல்லாம் கற்றவர். இருபதுகளில் இருக்கும் எஞ்சினியர் பையன் பாடம் எடுக்கத் தொடங்குகிறான். சில வருடங்களில், 1960களின் நடுவில், அவனுக்கு வாய்க்கும் மாணவர் யார் தெரியுமா? ஜே. கிருஷ்ணமூர்த்தி. எழுபது வயதை எட்டிக்கொண்டிருந்தவர். ஏற்கெனவே ஐயங்காரிடம் யோகம் பயின்றவர். எல்லாவற்றையும்விட, 1929இல் தன்னை உலக குருவாக ஏற்றிருந்த அமைப்பையே கலைத்துவிட்டு, எந்தக் குருவும் தேவையில்லை என்று அதன்பின் நாற்பது வருடம் பேசிக்கொண்டிருந்தவர்.

இப்படி ஒரு மாணவர் எதிரில் வந்து உட்கார்ந்தால் எனக்கு மொட்டைமாடியிலிருந்து குதித்துவிடலாம் என்றிருக்கும். தேசிகாச்சார் அவரைப் பற்றிச் சொல்வதெல்லாம் அவர் எவ்வளவு நல்ல மாணவராக இருந்தார், ஆசிரியருக்கு எவ்வளவு மரியாதை காட்டினார் என்பதுதான். நடுக்கம் பற்றிப் பேச்சில்லை. இது அடக்கமாக இருக்கலாம். வேறொன்றும் தோன்றுகிறது. அவருடைய கண் தன்மேல் இல்லை, மாணவர்மேல் இருக்கிறது. நான் எப்படித் தெரிகிறேன் என்ற கேள்விக்குப் பதிலாக இவருக்கு மூச்சு எங்கே தடைபடுகிறது என்ற கேள்வி வந்துவிட்டால் நடுக்கத்துக்கு உட்கார இடம் கிடைக்காது. அவர் தன் பயத்தைப் பற்றி எழுதாததை முதலில் குறையாகத்தான் எண்ணினேன். மூன்றாவது வாசிப்பில் அது அவருடைய முறையின் ஒரு பகுதி என்று படுகிறது. இருந்தாலும், ஒரு பத்தியாவது எழுதியிருக்கலாம் என்ற ஆதங்கம் போகவில்லை. புதிதாக வருகிற ஆசிரியனுக்கு அந்த ஒரு பத்தி பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்.

4

'தி ஹார்ட் ஆஃப் யோகா'வின் வடிவத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இதற்கு முன்னோடி 1980இல் வந்த 'ரிலிஜியஸ்னெஸ் இன் யோகா'. 1976இல் அமெரிக்காவின் கோல்கேட் பல்கலைக்கழகத்தில் தேசிகாச்சார் ஆற்றிய உரைகளின் தொகுப்பு. உரைகளுக்கு நடுவே மாணவர்கள் கேட்ட கேள்விகளும் அவர் சொன்ன பதில்களும் வருகின்றன. பிந்தைய புத்தகத்திலும் இந்தக் கேள்வி-பதில் தொடர்கிறது. அதே 1976தான் மந்தைவெளிப் பக்கம் இப்போது இருக்கிற கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம் தொடங்கப்பட்ட ஆண்டும்.

மாணவர்கள் கேட்பது எல்லாம் நம் மாமி கேட்ட கேள்விகள்தான். இதை நான் செய்யலாமா, எவ்வளவு நேரம், வலித்தால் என்ன செய்வது. தேசிகாச்சார் பெரும்பாலும் நேராக 'ஆம்', 'இல்லை' என்று சொல்வதில்லை. யார் செய்கிறார், எதற்காகச் செய்கிறார், அதற்கு முன் என்ன செய்தார், பின்னால் அதைச் சமன்செய்ய என்ன செய்யப் போகிறார் என்று கேள்வியைத் திருப்பிப் போடுகிறார். முதல் தடவை படித்தபோது இது எரிச்சலாக இருந்தது. எனக்கு ஒரு டேபிள் வேண்டும். இடது பக்கம் நோய், வலது பக்கம் ஆசனம். எஞ்சினியர் புத்தி. ஆனால் அவரும் எஞ்சினியர்தானே? கட்டடம் கட்டுகிறவன் மண்ணைப் பார்க்காமல் அஸ்திவாரத்தின் ஆழத்தைச் சொல்வதில்லை. "சாயில் டெஸ்ட் ரிப்போர்ட் வரட்டும் சார்" என்று சொல்லும் எஞ்சினியரை யாரும் தன்னம்பிக்கை இல்லாதவர் என்று சொல்ல மாட்டோம்.

சூத்திரத்துக்கான உரையில், பதஞ்சலி சொல்லும் ஒன்பது தடைகளைப் பற்றிய பகுதி எனக்கு முக்கியமானது. நோய்தான் முதல் தடை. மூன்றாவது சம்சயம், அதாவது சந்தேகம். இதைப் பார்த்ததும், பார், சந்தேகம் தடை என்று பதஞ்சலியே சொல்லிவிட்டார் என்று சுயமுன்னேற்றப் பேச்சாளர்கள் கிளம்பிவிடுவார்கள். அவர்கள் ஏழாவது வரை வருவதில்லை. ஏழாவது பிராந்தி தரிசனம். மயங்கிய காட்சி. தனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வதை இதன்கீழ்தான் தேசிகாச்சார் விளக்குகிறார், அதையே மிகப் பெரிய தடை என்கிறார். கொஞ்ச நாள் மனம் அமைதியாக இருந்ததை உச்சியை அடைந்ததாக எண்ணிக்கொள்ளும் மயக்கம். எட்டாவது, முன்னேறிவிட்டோம் என்று நினைக்கும்போதே இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று தெரிந்து சோர்ந்துபோவது.

இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஒன்று தெரிகிறது. சந்தேகமும் தடை, பொய்யான உறுதியும் தடை. ஒன்றைக் கொண்டு மற்றதை வெல்ல முடியாது. நான் செய்தது அதைத்தான். சம்சயத்தில் இருந்தவன் பிராந்திக்குள் குதித்தேன், அதற்குத் தைரியம் என்று பெயர் வைத்தேன். யோகாசிரியர்கள் மீது கடந்த பல வருடங்களில் உலகெங்கும் எழுந்த புகார்களை, சில பெரிய மரபுகளையே உலுக்கிய புகார்களை, நினைத்துப் பார்க்கலாம். அவற்றில் எதுவும் சந்தேகம் அதிகமாக இருந்ததால் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. தன்னை ஒருபோதும் சந்தேகிக்காத ஆசிரியர்களும் அவர்களைச் சந்தேகிக்கக் கூடாது என்று பழக்கப்பட்ட மாணவர்களும்தான் அங்கே இருந்தார்கள்.

அப்படியென்றால் சந்தேகத்துக்கு எதிர்ப்பதம் என்ன? பதஞ்சலி வேறொரு இடத்தில் சிரத்தை என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார். சமஸ்கிருதத்தில் அதற்கு நம்பிக்கை என்ற பொருள். தமிழில் அந்தச் சொல் வந்து சேர்ந்தபோது வேறு நிறம் எடுத்துக்கொண்டது. "கொஞ்சம் சிரத்தையா செய்டா" என்று என் பாட்டி சொன்னால் நம்பிக்கையோடு செய் என்று அர்த்தமில்லை. கவனமாக, மனம் வைத்துச் செய் என்று அர்த்தம். ஆசிரியருக்குத் தேவையானது தன்மேல் உள்ள நம்பிக்கையா, எதிரில் இருப்பவர்மேல் உள்ள கவனமா என்ற கேள்விக்கு, நம் பாட்டிகள் அந்தச் சொல்லைப் பயன்படுத்திய விதத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது.

5

இதற்கு நேர் எதிரான ஒரு பதிலும் அதே குடும்பத்துக்குள் இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் இந்த வாசிப்பு ஒருதலைப்பட்சமாகிவிடும். பி.கே.எஸ். ஐயங்கார் கிருஷ்ணமாச்சார்யாவின் மைத்துனர். மலேரியா, டைஃபாய்டு, காசநோய் என்று இளமையிலேயே எல்லாம் வந்துபோன உடம்பு. பதினைந்து பதினாறு வயதில் மைசூருக்கு வருகிறார். ஒருநாள் பெரிய மனிதர்கள் முன்னால் செய்துகாட்டும்போது குரு அவரை அனுமனாசனம் செய்யச் சொல்கிறார். அதுவரை செய்ததே இல்லை. நிஜார் இறுக்கமாக இருக்கிறது, காலை விரிக்க முடியாது என்று பையன் சாக்குச் சொல்கிறான். குரு கத்தரிக்கோல் கொண்டுவரச் சொல்லி நிஜாரை வெட்டச் செய்கிறார். பையன் செய்துவிட்டான். தொடைத் தசை கிழிந்து நெடுநாள் ஒழுங்காக நடக்க முடியவில்லை என்று ஐயங்காரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

1937இல், பதினெட்டு வயதில், கொஞ்சம் ஆங்கிலம் தெரியும் என்ற காரணத்தால் அவர் புனேவுக்கு அனுப்பப்படுகிறார். மொழி தெரியாத ஊர். தன்னைவிடத் திடகாத்திரமான மாணவர்கள். தெரியாததைத் தெரிந்துகொள்ள அவர் கண்ட ஒரே வழி தன் உடம்பிலேயே மணிக்கணக்காகச் சோதித்துப் பார்ப்பது. அந்தச் சோதனையின் விளைச்சல்தான் 1966இல் வந்த 'லைட் ஆன் யோகா'. அறுநூறு அளவிலான புகைப்படங்கள், ஒவ்வோர் ஆசனத்துக்கும் கடினத்தைக் குறிக்கும் எண், முந்நூறு வாரப் பாடத்திட்டம், நோய்வாரியாக ஆசனப் பட்டியல். நான் தேடிய டேபிள்!

எனக்கு அந்தப் புத்தகம் கொடுத்தது பயம்தான். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு என் பாதஹஸ்தாசனத்தைக் கண்ணாடியில் பார்த்தால் சொல்லிக்கொடுக்கும் ஆசையே போய்விடும். ஆனால் மறுவாசிப்பில் அந்தப் படங்களுக்குப் பின்னால் இருக்கும் நிஜார் வெட்டப்பட்ட பையன் தெரிகிறான். இனி யாரும் கேட்டு நான் தெரியாது என்று சொல்லும் நிலை வரக்கூடாது என்று வாழ்க்கை முழுக்க உழைத்தவனின் புத்தகம் அது. சந்தேகத்தை அறிவால் நிரப்புவது ஒரு வழி. அது நேர்மையான வழி. என்னைப்போல் நடித்துக் காட்டுவதல்ல. அதே ஐயங்கார்தான் பின்னாளில் முடியாதவர்களுக்காகக் கட்டை, பெல்ட், நாற்காலி என்று உபகரணங்களைக் கொண்டுவந்தார் என்பதையும் மறக்கக் கூடாது. தேசிகாச்சாரின் புத்தகத்தில் ஆசன வரிசைகள் எளிய கோட்டுப்படங்களாக வருகின்றன. முகம் கிடையாது, தசை கிடையாது. யாரோடும் ஒப்பிட்டுக்கொள்ள முடியாது. இரண்டு புத்தகங்களின் வேறுபாட்டை இந்தப் படங்களிலேயே பார்த்துவிடலாம். ஒன்று, ஆசனம் எப்படி இருக்க வேண்டும் என்கிறது. மற்றொன்று, இதை யார் செய்யப் போகிறார் என்று கேட்கிறது.

6

கத்தரிக்கோல் கேட்ட அதே மனிதரா மாணவரின் மூச்சைப் பார்த்துப் பாடம் அமைக்கும் முறைக்கும் மூலம்? இந்தக் கேள்வியைத் தேசிகாச்சாரின் புத்தகங்கள் எதுவும் நேராகக் கேட்பதில்லை. என் முக்கியமான குறை இதுதான்.

கிருஷ்ணமாச்சார்யா 1888இல் பிறந்தவர். 1930களில் மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தினார். 1934இல் கன்னடத்தில் 'யோக மகரந்தம்' வந்தது, சில ஆண்டுகளில் தமிழிலும் வந்தது. அந்தக் காலத்துக் கிருஷ்ணமாச்சார்யா கண்டிப்பானவர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இளைஞர்களுக்கு வேகமான ஆசனங்கள், ஊர் ஊராகச் செய்துகாட்டல். சுதந்திரத்துக்குப் பின் அரசரின் ஆதரவு போனது. 1950இல் யோகசாலை மூடப்பட்டது. அவருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. பெரிய குடும்பம். 1952இல், பக்கவாதம் வந்த ஒரு பிரபல சட்ட வல்லுநருக்குச் சிகிச்சை அளிக்கச் சென்னைக்கு வருகிறார். மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரியில் பாடம் எடுக்கிறார். அதன்பின் இங்கேயே தங்கிவிடுகிறார்.

இங்கே வந்த மாணவர்கள் அரண்மனைப் பையன்கள் இல்லை. நோயாளிகள், நடுத்தர வயதுக்காரர்கள், வேலைக்குப் போகிறவர்கள், பெண்கள். வேகமான ஆசனங்களைக் கொண்டு இவர்களிடம் எதுவும் செய்ய முடியாது. ஒருவர் ஒருவராகப் பார்த்துத்தான் சொல்லித்தர வேண்டும். ஆளுக்கேற்ற யோகம் என்று நாம் கொண்டாடும் முறை தொன்மையான மரபிலிருந்து அப்படியே இறங்கி வந்ததாகத்தான் குடும்பத்தின் எழுத்துகள் சொல்கின்றன. அதற்கு மரபில் வேர் இருக்கலாம். ஆனால் அந்த முறை முதிர்ந்தது ஒரு பள்ளி மூடப்பட்டு, ஒருவர் அறுபது வயதுக்குமேல் வேறு ஊரில் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டி வந்ததால் என்பது என் ஊகம். தோல்வி அவரை மென்மையாக்கியது என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை. அது அவர் எதிரில் வேறு மாணவர்களைக் கொண்டுவந்து உட்கார வைத்தது என்று சொல்லலாம். அவர் அவர்களைப் பார்த்தார். பழைய பாடத்தையே வற்புறுத்தாமல் மாற்றிக்கொண்டார்.

'ஹெல்த், ஹீலிங் அண்ட் பியாண்ட்' இதை எழுதியிருக்க வேண்டிய புத்தகம். ஆனால் மகன் அப்பாவை எழுதும்போது பக்தி குறுக்கே வந்துவிடுகிறது. நாடித் துடிப்பை நிறுத்திக் காட்டியது போன்ற அற்புதங்களுக்கு அங்கே இடம் இருக்கிறது. 1950க்கும் 1952க்கும் நடுவில் அந்த மனிதர் எப்படி இருந்தார், ராத்திரி தூங்கினாரா என்பதற்கு இல்லை. நூறு வயது வாழ்ந்து 1989இல் மறைந்தவர் அவர். தொண்ணூற்றாறு வயதில் இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை வேண்டாம் என்று, படுக்கையிலேயே தனக்கான பயிற்சியை அமைத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். தன் உடம்பு புதிதாக என்ன சொல்கிறது என்று அந்த வயதிலும் கேட்டார் என்பதுதான் எனக்கு அதில் அற்புதம்.

இன்னொரு குறையும் உண்டு. தேசிகாச்சாருக்குத் தெரியாதபோது கேட்பதற்கு அப்பா இருந்தார். 1989 வரை, கிட்டத்தட்ட அவருக்கு ஐம்பது வயதாகும்வரை, பக்கத்திலேயே இருந்தார். "தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்" என்பது அவருக்கு நிஜமான வாக்கியம். ஒருவருக்கு ஒருவர் என்ற முறைக்கு நேரமும் வேண்டும், அந்த நேரத்துக்கு யாராவது பணமும் கொடுக்க வேண்டும். தி. நகரில் காலை ஐந்தரைக்கு ஓர் அடுக்ககம், ஏழு மணிக்கு இன்னொன்று, மாலையில் ஒரு கல்யாண மண்டபத்து ஹால் என்று ஓடும் ஆசிரியர்களை எனக்குத் தெரியும். வகுப்புக்கு இருபது பேர். "தெரியாது" என்று சொன்னால் அடுத்த மாதம் பத்துப் பேர். அவர்களுடைய பயம் மனப்பிரமை அல்ல, வீட்டு வாடகை. எனக்கு மாதச் சம்பளம் வருவதால் இந்தக் கட்டுரையை எழுத முடிகிறது. தேசிகாச்சாரின் புத்தகம் இந்த ஆசிரியர்களை நோக்கிப் பேசவில்லை. ஆளுக்கேற்றபடி என்ற அருமையான கொள்கை, அவர்கள் கையில் ஒன்று குற்றவுணர்ச்சியாகவோ அல்லது எதையும் உறுதியாகச் சொல்லாமல் நழுவுவதற்கான சாக்காகவோ ஆகிவிடக்கூடும். அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட 'வினியோகா' என்ற சொல்லே ஒரு பிராண்டாக மாறியபோது, அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அவர் பின்னாளில் கேட்டுக்கொண்டது நினைவுக்கு வருகிறது. இந்த ஆபத்து அவருக்கும் தெரிந்திருக்கிறது.

7

என் ஆபீஸில் ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது யாராவது "தெரியல, லாக் பார்த்துட்டு சொல்றேன்" என்கிறோம். யாரும் கூச்சப்படுவதில்லை. சர்வர் ஏன் விழுந்தது என்று பார்க்காமலே சொல்கிறவனைத்தான் சந்தேகிப்போம். அதே வாய் மொட்டைமாடிக்குப் போனதும் ஏன் மாறிவிடுகிறது? பாய்க்கு முன்னால் நின்றதும் நான் என்னை குருவாக எண்ணிக்கொண்டேன். அவர்கள் எண்ணினார்களா என்று தெரியாது. குருவுக்குத் தெரியாதது எதுவும் இருக்கக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சினிமாவும் காலண்டர் படமும் சொல்லித்தந்தது அது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே மாமியின் வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியாது, தெரிந்த மாதிரி சொல்லிவிட்டேன் என்றேன். காபி ஆற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லியிருக்கலாமேப்பா. நான் என்ன உன்னை வகுப்பிலேருந்தா நிறுத்தப் போறேன்?" பிறகு தன் டாக்டரிடம் கேட்டார். நான் எனக்குப் பாடம் சொன்ன மூத்த ஆசிரியை ஒருவரிடம் கேட்டேன். இப்போது அவர் பாயில் படுத்து, கெண்டைக்காலை ஒரு நாற்காலியின்மேல் வைத்துக்கொண்டு மூச்சு விடுகிறார். இடுப்பைத் தூக்குவதில்லை. அது புத்தகத்தில் இருக்கும் விபரீதகரணி இல்லை. அவருக்கு இப்போதைக்கு அது போதும்.

இதோடு முடித்தால் பொய்யாகிவிடும். போன மாதம் ஒருவர் வந்தார். நாற்பது வயது, முதுகுத்தண்டில் டிஸ்க் விலகியிருக்கிறது. மூன்று மாதத்தில் சரியாகுமா என்றார். எனக்குத் தெரியாது, உங்கள் ஸ்கேனும் டாக்டரும் சொல்வதைக் கேட்டுவிட்டு, எனக்கு மேலே இருப்பவர்களையும் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க முடியும் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். இரண்டு தெரு தள்ளி ஒருவர் "தாராளமா சரி பண்ணிடலாம்" என்று சொன்னாராம். அங்கே சேர்ந்துவிட்டார்.

அன்று இரவு எனக்கு மறுபடி தூக்கம் வரவில்லை. ஆனால் இந்த முறை நான் யோசித்துக்கொண்டிருந்தது என்னைப் பற்றி அல்ல. அவர் முதுகைப் பற்றி.